புறா விரட்டிய படம்

என் வீட்டுக்காரருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்று கல்யாணத்துக்கு முன் விசாரித்துச் சொன்ன ஆளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை, அதெல்லாம் உண்மைதான். ஆனால் படுக்கையறை அலமாரியில் அறுநூற்றுப் பன்னிரண்டு சினிமா டிஸ்க்குகள் இருக்கின்றன. என் துணிமணிகள் கட்டிலுக்கு அடியில், இரண்டு சூட்கேஸில் குடியிருக்கின்றன.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. அந்தப் பக்குவத்தை அப்படியே டிஸ்க்குக்கும் கொண்டுவந்துவிட்டார். இரண்டு விரலால் விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். துடைத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நேர்கோட்டில் துடைக்க வேண்டும். யாராவது வட்டமாகத் துடைத்தால் இவருக்கு நெஞ்சு அடைக்கும். பிறந்த குழந்தையைக்கூட இவர் இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை. இரவல் என்ற பேச்சே கிடையாது. உயிர் நண்பன் வந்து கேட்டாலும் ஒரே பதில்: "எங்க வீட்ல டிஸ்க் வெளிய போகாது."

"மாசாமாசம் பணம் கட்டறோம், எல்லாப் படமும் ஆப்லயே வருது. அப்புறம் இது எதுக்குங்க?" என்று நானும் கேட்காத நாள் இல்லை.

"அது வாடகை வீடு. ஓனர் எப்ப வேணா காலி பண்ணச் சொல்லுவான். இது சொந்த வீடு."

"அந்தச் சொந்த வீட்ல என் துணிக்கு ஒரு தட்டு கெடைக்குமா?"

கிடைக்கவில்லை. அதனால்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிக்குக் காரணம் புறா.

எங்கள் பால்கனியில் புறாக்கள் செய்த அட்டூழியத்தை விவரித்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு அக்கா யோசனை சொன்னாள்: "பளபளன்னு பழைய டிஸ்க் நாலு கட்டித் தொங்கவிடு, கிட்ட வராது." பழைய டிஸ்க்குக்கு என் வீட்டில் பஞ்சமா? அவர் கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், கீழ்த்தட்டில் பின்வரிசையிலிருந்து இருபத்து நாலு டிஸ்க்குகளை உருவினேன். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. காலிப் பெட்டிகளை இருந்த இடத்திலேயே அடுக்கினேன். படம் அச்சிட்ட பக்கம் உள்ளே போகும்படி இரண்டிரண்டாகச் சேர்த்து, நடு ஓட்டையில் கயிறு கோர்த்துக் கட்டினேன்.

"என்ன இது?" என்றார் மறுநாள்.

"எங்க லேப்ல வீணாப்போன டிஸ்க்குங்க."

"நல்ல யோசனை. ஒரு புறாவக்கூடக் காணோமே!"

எட்டு மாதமாக அந்த மனிதர் அதன் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தார். எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

இப்போது என் சினிமா வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூட வாசலில் படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகி ஓடுவாள், ஓரமாகப் படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி அவளை அழகாகப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிறுமி நான். மொத்தம் நாலு விநாடி. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. நாங்கள் தியேட்டருக்குப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். நானே அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அதைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, அதில் ஒரு தடவையைக்கூட நம்பவில்லை.

"நீ நடிச்ச படமா? நீயே பாக்காத படம்தானே?" என்று ஆள் கூடும் இடத்திலெல்லாம் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அந்தப் படம் ஆப்பில் வந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனாரை வீட்டுக்கு வரவழைத்து, சோபாவின் நடுவில் உட்காரவைத்து, படத்தைப் போட்டேன். பத்து வயது மகள் பக்கத்தில், இவர் ஓரமாக நாற்காலியில். நாற்பத்தேழாவது நிமிஷம் பள்ளிக்கூட வாசல் வந்தது. கதாநாயகி ஓடினாள். திரையின் அடிப்பக்க மூலையில் ஒரு சிவப்பு ரிப்பனின் நுனி ஆடியது. அவ்வளவுதான், காட்சி மாறிவிட்டது.

"எங்கம்மா நீ?" என்றாள் மகள்.

"அந்த ரிப்பன்... அதுக்குக் கீழதான் நான்."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். "ரிப்பன் நல்லா நடிச்சிருக்கு! இனிமே உன்னை ரிப்பன்னே கூப்பிடறேன்." உடனே ஃபோனை எடுத்துக் குடும்பக் குழுவில் போடவும் ஆரம்பித்தார்.

அப்போதுதான் இவர் எழுந்தார். "நிறுத்துக்கா. அந்தக் காலத்துப் படம் சதுரமா எடுத்தது. இப்ப டிவி அகலம். மேலயும் கீழயும் வெட்டிட்டுத்தான் ஆப்ல போடறான். முழுப் படமும் டிஸ்க்லதான் இருக்கும்." பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "நம்ம கல்யாண நாளுக்குக் குடுக்கலாம்னு வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தேன். மூணு வருஷம் தேடினேன்."

"எங்க ஒளிச்சீங்க?"

"கீழ்த்தட்டு, பின்வரிசை."

நான் டிஸ்க்குகளை உருவிய அதே இடம்.

பெட்டியைக் கொண்டுவந்தார். எல்லார் முன்னாலும் திறந்தார். காலி. அடுத்த பெட்டியைத் திறந்தார், அதுவும் காலி. நாலைந்தைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் எங்கயோ மாத்தி வெச்சுட்டேன் போலருக்கு. எனக்கு மறதி வந்துடுச்சா?" என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ரிப்பன் என்ற பட்டப்பெயரோடு போய்விடும், டிஸ்க் விஷயம் யாருக்கும் தெரியவராது. ஆனால் அவர் தன் தலையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"பால்கனியில இருக்குங்க," என்றேன்.

அவர் பால்கனியைப் பார்த்தார். காற்றில் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன.

"எத்தனை?"

"இருபத்தி நாலு."

"ஓட்டை போட்டியா?"

"இல்லீங்க. இருக்கற ஓட்டையிலதான் கட்டினேன்."

ஒரு பெருமூச்சு விட்டார். திட்டியிருந்தால் தேவலை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு ஜோடியாகப் பிரித்துப் பார்த்து, ஏழாவது ஜோடியில் கண்டுபிடித்தார். சமையலறைக் குழாயில் கழுவினார். கடையிலிருந்து கொண்டுவந்த திரவத்தைத் தெளித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நேர்கோட்டில் துடைத்தார். ஆபரேஷன் நடப்பதுபோல் நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம்.

பிளேயர் மூன்று முறை கர்ர் என்றது, நாலாவது முறை ஓடியது. இருபுறமும் கறுப்புப் பட்டை, நடுவில் சதுரமாகப் படம். அங்கங்கே திக்கினாலும் நாற்பத்தேழாவது நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தது. கதாநாயகி ஓடினாள். படியில் சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்குக் கீழே, தலையிலிருந்து கால்வரை, நான்! அந்த இடத்தில் கீறலில் மாட்டி, படம் அப்படியே நின்றுவிட்டது.

நாலு விநாடி, நாலு நிமிஷமானது. எல்லாரும் நிதானமாகப் பார்த்தார்கள். நான் கதாநாயகியைப் பார்க்கவும் இல்லை, அழகாகச் சிரிக்கவும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு, ஆள்காட்டி விரலைப் பாதிக்குமேல் மூக்குக்குள் விட்டிருந்தேன்.

"அம்மா, உள்ள என்ன தேடறே?" என்றாள் மகள்.

இவர் திரையையும் பால்கனியையும் மாறி மாறிப் பார்த்தார். "புறா ஏன் கிட்ட வரலைன்னு இப்பத்தான் தெரியுது," என்றார். நாத்தனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும்தான்.

கிளம்பும்போது நாத்தனார் தம்பியிடம் கையை நீட்டினார். "டேய், நீ சொன்னது சரிதான். அவதான் நடிச்சிருக்கா, ஒத்துக்கறேன். அந்த டிஸ்க்கை ஒரு வாரம் குடு. எங்க வீட்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டுத் தரேன்."

இவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கும் பழி தீர்க்க நல்ல சந்தர்ப்பம். கை பிளேயரை நோக்கிப் போவதுபோலவும் இருந்தது.

நான் முந்திக்கொண்டேன். இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து டிஸ்க்கை எடுத்து, பெட்டியில் வைத்து, டக்கென்று மூடி, இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

"எங்க வீட்ல டிஸ்க் வெளிய போகாது, அண்ணி," என்றேன். "நீங்க ஆப்லயே பாத்துக்குங்க."