கோயம்புத்தூருக்குப் போன டீம்

மாதா கோயில் மைதானத்தில் மேட்ச் நடந்தால் ரோஸ்லின் கோல் போஸ்டுக்குப் பின்னால்தான் நிற்பாள். கோல்கீப்பர் மார்ட்டின் அவள் தம்பி. பந்து மைதானத்தின் மறுகோடியில் இருக்கும்போதே, "லெஃப்ட்ல ஆள் வர்றான், பாரு" என்று கத்துவாள். கூனிமேட்டில் ஒரு செல்போன் கடையில் அவளுக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் தம்பி ஆடும் மரக்காணம் யுனைட்டெட் ஃபுட்பால் டீம்தான். ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பையும் அவளே நடத்தினாள்.

அவளுக்குப் பக்கத்தில் நின்று மேளம் அடிப்பவர் எக்கியார்குப்பத்து தட்சணாமூர்த்தி. கடலுக்குப் போகிறவர். ரோஸ்லினைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். மேட்ச் இருக்கும் நாளில் படகை மச்சானிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார்.

டீமை இரண்டு வருடத்துக்கு முன்பு செல்வநாதன் வாங்கினார். ஊர்க்காரர்தான், சென்னையில் கட்டடம் கட்டிச் சம்பாதித்தவர். பையன்களுக்குப் புது ஜெர்ஸி வந்தது, வேன் வந்தது. அடுத்ததாக ஸ்டேடியம் கட்டப்போவதாகச் சொன்னார். ஈசிஆருக்கு மேற்கே, கைவிடப்பட்ட உப்பளத்தில் இடம் பார்த்தாயிற்று. ரசிகர்களும் டீமில் பங்கு வாங்கலாம், பங்கு வாங்கிய எல்லாரும் கையெழுத்துப் போடாமல் டீமை யாருக்கும் விற்க மாட்டேன் என்று எழுதியே கொடுத்தார்.

குரூப் ஒரு மாதம் தூங்கவில்லை. மேற்கூரை வேண்டும் என்றார்கள் சிலர். பெண்களுக்குத் தனி கேட் கேட்டார்கள். அனுமந்தை ஆண்ட்ரூஸ் மட்டும், "ஸ்டேடியம் சரி, லாபம் எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டான். "லாபம் பாக்கறவன் பேங்க்ல போடட்டும். இது நம்ம டீம்" என்று ரோஸ்லின் பதில் போட்டாள். அதற்கு நூறு பேர் கை தட்டினார்கள்.

அவள் தன் நகைச்சீட்டுப் பணத்தைப் போட்டாள். தட்சணாமூர்த்தி புது இன்ஜினுக்கென்று சேர்த்திருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"போடலாமா ரோஸ்லின்?"

"போடுங்கண்ணே. நானும் போட்டுட்டேன்."

அவர் நேரே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டார்.

தூண்கள் ஆள் உயரத்துக்கு எழும்பின. ஐப்பசி மழையில் அந்த இடம் குளமானது. தை பிறந்தும் தண்ணீர் வடியவில்லை; தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து நின்றன. பங்குனியில் செல்வநாதன் பங்குதாரர்களைக் கூப்பிட்டு, மறைக்காமல் சொன்னார்: "என்னால முடியல. கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணு டீமைக் கேக்குது. எல்லாரும் கையெழுத்துப் போட்டா போட்ட பணம் அப்படியே வந்துடும். ஒருத்தர் போடலன்னாலும் வியாபாரம் நடக்காது. அப்புறம் எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல."

கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஆனாலும் அந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆண்ட்ரூஸ்தான் முதல் ஆள். ரோஸ்லினும் தட்சணாமூர்த்தியும் மட்டும் இழுத்தடித்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மார்ட்டின் அவளிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கம்பெனி என்னையும் எடுத்துக்கறேன்னு சொல்லுது. மாசச் சம்பளம். இங்கருந்து என்னை மட்டுந்தான்."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரமே. நீ கோச்சிக்குவன்னு சொல்லல."

ரோஸ்லின் மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். மிச்சம் இருந்தது தட்சணாமூர்த்தி ஒருவர்தான். அவர் முடியாது என்று சொல்லிவிட்டாராம். குரூப்பில் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். யாரோ அவர் வலையைக் கிழித்துப் போட்டார்கள். கடைசியில் எல்லாரும் ரோஸ்லினிடம் வந்தார்கள்: நீ சொன்னால் கேட்பார்.

அவள் குப்பத்துக்குப் போனபோது அவர் படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பழைய இன்ஜின் கழற்றிய நிலையில் பக்கத்தில் கிடந்தது.

"அண்ணே, இன்ஜின் இல்லாம எத்தினி நாள் ஓட்டுவீங்க? பணம் வருது, வாங்கிக்குங்க."

"பணத்துக்கா போட்டேன்? நம்ம டீம்னு நீதான சொன்ன."

"சொன்னேன். அப்ப அப்படித்தான் நெனச்சேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "ஒந் தம்பி போறானா?"

இல்லை என்று சொல்லிவிடத்தான் அவள் வாயெடுத்தாள். "போறான்ணே" என்றாள்.

அவர் வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

"மொதல்லயும் நீ சொல்லித்தான் போட்டேன். இப்பவும் நீ சொல்லித்தான் போடறேன். வா."

வழியெல்லாம் அவர் முன்னால் நடந்தார். அவளோடு சேர்ந்து நடக்கவில்லை.

பணம் வந்தது. டீமின் பெயர் மாறியது. வாட்ஸ்அப் குரூப்பில் கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. புது இன்ஜினோடு தட்சணாமூர்த்தி கடலுக்குப் போகிறார் என்று ரோஸ்லின் கேள்விப்பட்டாள். இரண்டு தடவை போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் கடைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது, புதுச்சேரி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். வேட்டி கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு தானே பக்கத்தில் வந்தார்.

"கோயம்புத்தூருக்குப் போயிட்டு வர்றேன். மேட்ச் பாக்க."

"தனியாவா?"

"யாரு வர்றா? பெரிய ஸ்டேடியம். நல்லாத்தான் இருக்குது. பக்கத்துல இருந்தவங்களுக்கு நம்ம ஊரு பேரே தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "மார்ட்டினை வெளியவே உக்கார வெச்சிருக்கானுங்க. சீசன் ஆரம்பிச்சதுல இருந்தே எறக்கலியாம். ஒங்கிட்ட சொல்லலியா?"

"இல்லண்ணே."

"என்னப் பாத்துட்டான். மேட்ச் முடிஞ்சு தேடிட்டுப் போனேன், வெளிய வரவே இல்ல."

அவர் குப்பத்துப் பக்கம் நடந்தார். ரோஸ்லின் தனக்கு வந்த பஸ்ஸை விட்டுவிட்டு மார்ட்டினுக்குப் போன் போட்டாள்.

"நேத்து மேட்ச் எப்படிடா?"

"ஜெயிச்சிட்டோம்க்கா. ரெண்டு பால் புடிச்சேன், செம்ம கூட்டம்" என்றான் அவன். குரல் உற்சாகமாகத்தான் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள்.