வலது பக்கப் பின்கதவு

மனைவியின் அக்காவுக்குத் தொடையிலிருந்து கணுக்கால்வரை வலது காலில் மாவுக்கட்டு. பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார வேண்டுமென்றால், வலது பக்கக் கதவு வழியாக முதுகை முதலில் கொடுத்து உள்ளே நகர வேண்டும். எங்கள் காரில் அந்தக் கதவு ஆறு மாதமாகத் திறப்பதில்லை. நாலு மணிக்கு அவளை மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள்.

"ஆம்புலன்ஸ் சொல்லட்டுமாக்கா?" என்று காலையில் போனில் கேட்டேன்.

"அலறிக்கிட்டே கொண்டுவந்த வண்டியில திரும்பிப் போக மாட்டேன். உங்க கதவு எனக்குத் திறக்காதுன்னா சொல்லிடுங்க தம்பி, என் வீட்டுலயே தனியா கிடந்துக்கறேன்." சிரித்தாள். நான் சிரிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

இரண்டு வாரமாக நானும் மனைவியும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாகப் படுத்து அலுத்திருந்தோம். இனி மூன்று மாதம், எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு அறையில் ஒன்று அக்காவுக்கு.

"ஆறு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூடவா கிடைக்கல? அவ வர்றது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

அவள் கேட்ட பிறகு எனக்கே சந்தேகமாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன்.

இடது பக்கமாக ஏறி, இருக்கையில் முட்டி போட்டு, கதவின் உள்பலகையைப் பெயர்த்தேன். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பி, கிளிப் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. மெக்கானிக் போனில் ஒன்றுதான் சொல்லியிருந்தார்: கம்பியைக் கட்டும்வரை கதவைச் சாத்தாதீங்க. கம்பியைக் கழற்றிக் கூரைமேல் வைத்துவிட்டு, கட்டுவதற்கு மெல்லிய கம்பி தேடி வீட்டுக்குள் போனேன்.

டப்பென்று சத்தம் கேட்டது.

அக்காவும் தங்கையும் வளர்ந்த வீட்டில், நாய் புகுந்துவிடுமென்று, திறந்த கதவை யாரும் சும்மா கடந்துபோனதில்லை. என் மனைவி அடுத்தவர் வீட்டு பிரிட்ஜைக்கூடச் சாத்திவிட்டுத்தான் நகர்வாள். இப்போது இரண்டு கையிலும் அக்காவுக்கான தலையணைகள். கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தியிருந்தாள்.

தள்ளித் திறக்க இப்போது கம்பியும் உள்ளே இல்லை, கூரைமேல். மணி மூன்றேகால்.

"தள்ளுங்க, என் கை சின்னது" என்று தலையணைகளை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். நான் டார்ச் காட்டினேன். தகடு கிழித்து மணிக்கட்டில் ரத்தம் கோடிட்டது. வெகுநேரம் கழித்துப் பூட்டின் நாக்கு விரலுக்கு அகப்பட்டது. கதவு திறந்தது.

"கட்ட நேரமில்ல. இப்படியே எடுங்க. அங்கேயும் கைவிட்டே திறக்கறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்த அக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு துழாவுவதைப் பார்த்தாள்.

"கதவு திறக்க உள்ளயே ஆள் போட்டிருக்கீங்களா தம்பி?"

திறந்தது. நானும் நர்ஸும் தூக்கி நகர்த்தினோம். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தங்கை மடியில் வாங்கிக்கொண்டாள். வீட்டில் இறங்கும்போது திறக்க, ஒரு கை மறுபடி கதவுக்குள்.

மெதுவாக ஓட்டினேன்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"ஆறு மாசமாக்கா. பார்த்திருக்கலாம். பார்க்கல."

கண்ணாடியில் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.