ஒரு ஸ்வரம் மேலே

அன்றைய ஒத்திகையோடு என் ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிறது. சரியாக வாசித்தால் இசைக்குழுவில் நிரந்தர இடம். சொதப்பினால் கிளாரினெட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

என்னுடையது பி ஃபிளாட் கிளாரினெட்; தாளில் இருப்பதைவிட ஒரு ஸ்வரம் கீழேதான் ஒலிக்கும். பழைய இசைத்தாள்கள் பலவும் 'சி' கிளாரினெட்டுக்கு எழுதியவை. தாளைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் ஒரு முழு ஸ்வரம் மேலே தூக்கி வாசிக்க வேண்டும். ஐந்து மாதம் வீட்டில் நாக்குத் தள்ளியது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தபின் அரங்கத்துச் சாமான் அறையில் பழகினேன். அங்கேதான் பிடிபட்டது. மனைவியிடம் சொன்னேன். "சரி சரி, சாப்பிடுங்க" என்றாள். அதே குழுவில் இசைத்தாள்களைப் படியெடுத்து அடுக்குவது அவள் வேலை.

ஒத்திகையில் என் முன் இருந்த தாளின் தலைப்பில் 'சி' என்றிருந்தது. என் தனிப்பகுதி வந்தது. தைரியமாக ஒரு ஸ்வரம் ஏற்றி ஊதினேன். அபஸ்வரம் அரங்கையே கிழித்தது. வயலின்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் (டிக்கெட் கிழிப்பவர் அல்ல, எங்களை ஆட்டிவைப்பவர்) கோலைக் கீழே வைத்தார். "ஆறு மாசமா என்னதான் பண்ணீங்க?"

விரல்கள் சரியாகத்தான் போயின, சத்தியமாக! தாளைத் தடவினேன். கட்டைவிரலில் மை ஒட்டியது. அச்சு இல்லை, என் மனைவியின் கையெழுத்து.

தாளும் கிளாரினெட்டுமாக அவள் அறைக்கு ஓடினேன். பின்னாலேயே கண்டக்டரும் வந்தார். மேசைமேல் அச்சடித்த மூலத்தாள் கிடந்தது. அதில் எல்லாமே ஒரு ஸ்வரம் கீழே இருந்தன. எனக்காக அவளே மாற்றி எழுதிவிட்டு, யாருக்கும் தெரியாதிருக்கத் தலைப்பை மட்டும் அப்படியே விட்டிருக்கிறாள்.

கண்டக்டர் மூலத்தாளை என் முன் நீட்டினார். "இதை வாசிங்க."

அங்கேயே நின்று வாசித்தேன். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

அவள் என் கிளாரினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லணும்னே தோணலைங்க. உங்களுக்கு எப்படியும் வராது, தாள்ல இருக்கிறதைத்தானே அப்படியே ஊதுவீங்கன்னு நினைச்சேன்."