பொன்ராஜின் கடை

ரங்கநாதன் தெருவில் இருந்த அந்தப் பாத்திரக்கடையில் மாதச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. சாப்பாடு, துணிமணி, தங்குமிடம் எல்லாம் சிதம்பரநாதன் அண்ணாச்சியின் பொறுப்பு. உழைத்த பணம் அவரிடமே சேர்ந்து கிடக்கும். ஆள் பக்குவப்பட்டதும் தனியாக ஒரு கடை வைத்துக் கொடுப்பார். பொன்ராஜுக்கு வரும் தையில் என்று முடிவாகியிருந்தது. அவன் மனைவி தங்கபுஷ்பம் அண்ணாச்சி வீட்டில் கடை ஆட்களுக்குச் சமைத்துப் போட்டாள். குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அவள் மனம் அந்தக் கடைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வாசலில் குடங்கள், மாலை வெயில், கல்லாவில் அவன்.

எழுபத்துநாலாம் வருஷம், ஆட்கள் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் ரகுபதி என்ற தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். சின்னக் கடைக்காரர்களும் தங்கள் ஆட்களைக் காப்பீட்டில் சேர்க்க அரசாங்கம் விரும்புகிறது, கட்டாயமில்லை, ஆட்கள் சம்மதித்தால் போதும் என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரும் அதே பந்தியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாருக்குடே வேணும்? கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"எங்களுக்கு இன்சூரன்ஸே நீங்கதான், அண்ணாச்சி" என்றான் பொன்ராஜ். பந்தி முழுக்கச் சிரித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த தங்கபுஷ்பமும் சிரித்தாள்.

சரக்கு இறக்க வந்திருந்த வண்டிக்காரர் காதர் வாசலிலிருந்து கேட்டார். "சேர்ந்துக்கோ நைனா. சும்மா வர்றது கசக்குதா இன்னா?"

"நீரு வெளியாளு பாய், ஒமக்கு வெளங்காது" என்றான் பொன்ராஜ்.

"ஆமா, நான் வெளியாளு. அதான் கூலிய அன்னிக்கே வாங்கிக்கினு போறேன்."

ஐப்பசியில், கல்யாண வீட்டுக்காரர்களுக்காக மேல்தட்டிலிருந்து ஒரு வெண்கல அண்டாவை இறக்கும்போது ஏணி சறுக்கியது. அண்டாவோடு விழுந்த பொன்ராஜுக்கு முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அண்ணாச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். செலவெல்லாம் அவரே செய்தார். தை வந்தது, போனது. கடையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

தங்கபுஷ்பமே ரகுபதியைத் தேடிப் போனாள். காப்பீட்டில் சேராவிட்டாலும் வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கேட்க வேறு சட்டம் இருக்கிறது என்றார் அவர். சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆள் என்று பொன்ராஜ் தன் வாயால் சொன்னால் போதும்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கட்டிலருகே அண்ணாச்சி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இவர்கிட்ட சம்பளத்துக்கு இருந்தவர்தானே?"

தங்கபுஷ்பம் கணவனின் தோளைத் தொட்டாள். "உள்ளதச் சொல்லுங்க."

பொன்ராஜ் அண்ணாச்சியைப் பார்த்தான். ஆரஞ்சுச் சுளை அவர் விரல்களுக்கிடையில் அப்படியே நின்றது.

"சம்பளமா? நான் அண்ணாச்சிக்குச் சொந்தம் சார். வீட்டுப் பிள்ளை."

ரகுபதி தங்கபுஷ்பத்திடம் தலையசைத்துப் போய்விட்டார். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஊர்ல போயி காத்தாட இருடே. மெட்ராஸ் ஒனக்கு ஒத்துக்காது" என்றார்.

அவர் போனதும் அவள் கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேலைக்காரன்னு சொல்லிட்டா பெறகு எப்படிளா கடை வச்சுக் குடுப்பாரு?"

நிற்கக்கூட முடியாத ஒருவனுக்கு யார் கடை வைத்துக் கொடுப்பார்கள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஊருக்கு ரயில் பிடிக்க எழும்பூருக்கு டாக்சி போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான் பொன்ராஜ். அவன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கட்டடங்களின் மேல்பாதியும் பெயர்ப்பலகைகளும்தான் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தான்.

"ஏளா, நம்ம கடைக்கு என்ன பேரு வைக்கலாம்?"

வெளியே தெரு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவன் நெற்றியை மெதுவாகத் தடவினாள்.

"ஊருக்குப் போயி யோசிப்போம்" என்றாள்.