அறுவடை மெஷினுக்குக் குளியல்

மாட்டுப் பொங்கலன்று, வாசலில் நின்ற அறுவடை மெஷினைத் தர்மாம்பாள் குளிப்பாட்டினாள். நம் வயலில் உழைப்பதுதானே, மாடு மட்டும் என்ன ஒசத்தி என்று கேட்டுவிட்டு, குடவாசல் ஊரே மிதக்கிற அளவுக்கு மோட்டார் குழாயால் அடித்தாள். ஓர் இடுக்கு விடவில்லை. பொட்டு வைத்து மாலையும் போட்டாள்.

மறுநாள், ஆத்தூரிலிருந்து மெஷினோடு வந்திருந்த டிரைவர் இளையபெருமாள் அதை வயலில் இறக்கினான். ஒரு சுற்று முடியவில்லை. வைக்கோலை உதறித் தள்ளும் பகுதியிலிருந்து ஓர் அலறல். கும்பகோணத்தில் காபி குடித்தவர்கள்கூட டம்ளரைக் கீழே வைத்திருப்பார்கள்.

இளையபெருமாள் கழற்றிப் பார்த்தான். “பேரிங் போச்சும்மா. சீல் கிழிஞ்சிருக்கு. தண்ணி பூந்து கிரீஸெல்லாம் கழுவிட்டுப் போயி, குண்டு நொறுங்கிடுச்சு. இன்னிக்குக் காணும் பொங்கல், ஒரு கடை இருக்காது.”

தெற்கே கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது. நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. மழை விழுந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். பிறகு அதை எவன் வாங்குவான்?

நேற்றே அறுத்துமுடித்த பக்கத்து வயல் முருகையன் வரப்பில் நின்று சிரித்தார். “இரும்பக் குளிப்பாட்டுனா சளி புடிக்காதா அண்ணி?”

“ஆமா, குளிப்பாட்டுனேன். அடுத்த வருஷமும் குளிப்பாட்டுவேன். சீயக்காயும் போடுவேன்.” டிரைவரிடம் திரும்பினாள். “ஏந்தம்பி, அந்த இடத்துல இரும்புதான் இருக்கணுமா?”

அவன் தலையைச் சொறிந்தான். “வெண்கல புஷ் போடலாம், கடையறதுக்கு லேத்து வேணும். பழைய மெஷின்ல மரக்கட்டைதான் இருக்கும், எண்ணெயில ஊறினது. இது மெதுவா சுத்துற தண்டு, தாங்கினாலும் தாங்கும். கதிரடிக்கிற டிரம்முல போட்டா கரியாயிடும். ஆனா கட்டைக்கு எங்க போறது?”

தர்மாம்பாள் அதற்குள் வீட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.

அவள் கணவர் நாகநாதன் ஈட்டி மரக் கட்டிலில் படுத்திருந்தார்.

“எந்திரிங்க. காலு வேணும்.”

அவர் பதறித் தன் காலை மடக்கிக்கொண்டார்.

“கட்டில் காலுங்க. உங்க கால வெச்சா ரெண்டு சுத்து தாங்குமா?”

“எங்கப்பா படுத்த கட்டிலுடி!”

“அவரு இருந்திருந்தா நாலு காலையும் அறுத்துக் குடுத்திருப்பாரு.”

இளையபெருமாள் கட்டில் காலை அறுத்து, இரண்டாகப் பிளந்து, தண்டு நுழையத் துளை குடைந்தான். முறுக்குச் சட்டியில் விளக்கெண்ணெய் கொதித்தது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. சட்டியில் கிடந்த கட்டையைச் சுற்றி நுரை அடங்கியதும் அதை மெஷினுக்குள் பூட்டினார்கள்.

மெஷின் முனகியது, புகைந்தது, நகர்ந்தது. வைக்கோல் பின்னால் விழ ஆரம்பித்தது. முருகையன் சிரிப்பை நிறுத்திவிட்டார். போகத்தான் மனம் வரவில்லை.

“புகை வருதும்மா!”

“வரட்டும். நெருப்பு வந்தா சொல்லு. ஓட்டு!”

நடுப்பகலில் விளக்கைப் போட்டு ஓட்டும்படி இருட்டிவிட்டது. இன்னும் ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அறுக்க நின்றது. தூரத்துப் பூவரச வரிசையை மழை வெள்ளையாக மூடியது. தர்மாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெற்கு வரப்பில் போய், மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“அங்கயே நில்லு,” என்றாள் மழையைப் பார்த்து.

முதல் துளி நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. பின்னால் மெஷின் அடுத்த சுற்றுக்குத் திரும்பும் சத்தம். அதன் விளக்கு வெளிச்சத்தில், தவளை பிடிக்க வந்த கொக்குகள் அறுத்த நெல்தாளில் நடந்துகொண்டே இருந்தன.