புடலங்காய் அரிந்த பகல்

திரையில் ஒரு முதுகு வளைந்து கிடக்கிறது, கழுத்திலிருந்து பாசிமணியாய் இறங்கி வந்த எலும்பு இடுப்புக்கு மேலே விலகித் திறந்து நிற்கிறது, செவ்வந்திக்கு அந்தத் திறப்பைத் தெரியும், ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் வயிற்றில் குளிர்ந்த பசை வழிய அவள் படுத்திருந்தாள், இன்று படுத்திருப்பது நாத்தனார் சுகந்தி, மதினி கூட வந்தால்தான் ஸ்கேனுக்கு வருவேன் என்று அடம்பிடித்தவள், தலைமாட்டில் சுகந்தியைப் பெற்ற பேச்சித்தாய், செவ்வந்தியின் மாமியார், முதுகெலும்பு மூடலைம்மா, மூளை கீழ இறங்கியிருக்கு, தலையில நீர் கோத்திருக்கு, யார் தப்பும் இல்ல என்கிறார் டாக்டரம்மா, அன்றைக்கும் இதையேதான் சொன்னார், பேச்சித்தாய்தான் தப்பைக் கண்டுபிடித்தாள், கிரகணத்தன்னைக்கு அருவாமனையில உக்காந்தா, அதான் பிள்ளை முதுகு பிளந்துபோச்சு என்று தெருக்குழாயடியில், கல்யாண வீட்டில், செவ்வந்தியின் காதுபடவே சொன்னாள், உட்காரச் சொன்னது யார், கிரகணம் பிடிக்க இன்னும் நேரம் கிடக்கு, புடலங்காயைச் சட்டுனு அரிஞ்சு போடு என்று நேரத்தைத் தப்பாகப் பார்த்து அருவாமனையை நகர்த்தி வைத்தது யார், இன்றும் தூக்கத்தில் செவ்வந்தி அரிந்துகொண்டே இருக்கிறாள், அரிய அரியக் காய் நீள்கிறது, மாமியாரின் பெற்ற வயிறு எரியட்டும் என்று வேண்டாத கோயில் இல்லை, எரிகிறது, நன்றாக எரியட்டும், சுகந்தி விசும்புவதுதான் தாங்கவில்லை.

வெளியே பெஞ்சில் சுகந்தியின் மாமியார், விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகி, போன மாசம் கிரகணத்தன்னைக்கு இவ உங்க வீட்லதான இருந்தா, எதையும் நறுக்கினாளா என்கிறாள், மகளை அன்று முழுக்க இருட்டறையில் பூட்டி வைத்தவள் பேச்சித்தாய், பார்த்த சாட்சி செவ்வந்தி ஒருத்திதான், ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாக்கு நுனியில் நிற்கிறது, நீ சொல்லும்மா என்று பேச்சித்தாய் கையைப் பிடிக்கிறாள், ஐந்து வருஷத்தில் முதல் அம்மா, செவ்வந்தி கையை உருவிக்கொள்கிறாள், அவ எதையும் தொடல, ஆனா நறுக்கினாப் பிள்ளை முதுகு பிளக்குமான்னு நீங்களே சொல்லுங்க அத்தை என்று பேச்சித்தாய் பக்கம் திரும்புகிறாள், சொல்லும்மா என்று பின்னால் வந்து நின்ற சுகந்தியும் தாயைப் பார்த்துக் கதறுகிறாள், பேச்சித்தாய், நறுக்கினாலும் ஒண்ணும் ஆகாது சம்பந்தியம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல என்று தரையைப் பார்த்து முனகுகிறாள்.

கேக்கல அத்தை, தெருக்குழாயடியில சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லுங்க.