பீரங்கியின் காதுகள்

உலைச்சங்கு அலறியது. பனித்திரை விலகாத மேற்குமலைத் தொடர் தொலைவில் நீலக்கோடாய் நிற்க, அவிநாசிச் சாலையில் ஊர்திகள் எறும்பு நிரையென ஊர, பஞ்சாலைப் புகைபோக்கிகள் புகை மறந்து வானை நோக்கும் பீளமேட்டின் காலைப்பொழுதில் அவ்வொலி ஊராருக்கு அன்றாட ஓசையே. ஆயினும், கற்றோரே, நெரிசலில் சிக்கிய வண்டியிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டிருந்த ஹுமேராவின் செவியில் அது சாப்பறையாய் வீழ்ந்தது.

பதினோராண்டுகளாகக் கடற்கரைதோறும் அலைந்து, மணலில் புதைந்தும் முட்புதரில் மறைந்தும் கிடந்த பழம்பெரும் பீரங்கிகளை அளந்து, படியெடுத்து, பதிவு செய்து வந்தவள் அவள். இணையாய் வார்க்கப்பட்ட இரண்டனுள் ஒன்று தென்கடற்கரையில் நிற்க, மற்றொன்று பழைய இரும்போடு இரும்பாய் விலைபோய், இங்குள்ள வார்ப்பாலையொன்றில் உருகக் காத்திருப்பதை மூன்று நாள் முன்னர்தான் அறிந்தாள். 'நான் வந்து பார்க்கும்வரை உருக்காதீர்கள்' என்று மட்டும் தொலைபேசியில் மன்றாடிவிட்டு, அருங்காட்சியகத்தின் வாயிலில் தவங்கிடந்தாள். பீரங்கியின் இருபுறமும் காதுபோல் நீண்ட உருளைகளில் வார்த்த எண், கரையில் நிற்பதன் எண்ணுக்கு அடுத்ததாயின் ஏற்போம்; எண்ணில்லையேல் அது வெறும் இரும்பே என்று அருங்காட்சியகத்தார் அறுதியிட்டனர். அவர்கள் விதித்த கெடு இன்று நண்பகல்.

வாயிலில் எதிர்ப்பட்டார் ஆலையின் மேலாளர் கோவிந்தராஜுலு.

"ஏனுங்க, உலைல போட்டுட்டீங்களா?"

"பதறாதீங்க அம்மணி. நீங்க போன்ல அழுத அழுகைக்கு அதைப் போடுவமா? 'உன்ற மாமனாரா அது, தூக்கிப் போட மாட்டீங்கற'ன்னு மொதலாளியே மூணு தடவை கேட்டுப்போட்டாரு."

அவள் உயிர் மீண்டது. வேம்பின் நிழலில், கட்டைகள்மேல், மதங்கொண்டு அடங்கிய களிறெனக் கிடந்தது பீரங்கி. உடலெங்கும் துருவின்றி வெள்ளிபோல் மின்னியது. மண்டியிட்டு இடக்காதைத் தடவினாள். வழுவழுப்பாய் இருந்தது. மறுபுறம் ஓடி வலக்காதைத் தடவினாள். தாளை ஒற்றிக் கரித்துண்டால் தேய்த்தாள். தாள் முழுதும் கருத்ததேயன்றி ஓர் எண்ணும் எழவில்லை. விழியிழந்தோர் முகம் தேடுவதுபோல் விரல்களால் மீண்டும் மீண்டும் தேடினாள். கரையில் நிற்பதில் இருநூறாண்டு உப்புக்காற்றும் உண்ணாது விட்டதை இங்கே எது உண்டது? கதிரவனோ உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தான்.

"இதுல நம்பர் இருந்திருக்கணுமேங்க." கருத்த தாளை அவர்முன் நீட்டினாள்.

நெடுநாள் வார்ப்புத்தொழிலில் காய்த்துப்போன தம் உள்ளங்கைகளைத் துடைத்தவாறு, பாராட்டை எதிர்நோக்கும் முகத்தோடு கோவிந்தராஜுலு அருகில் வந்தார்.

"பார்க்க ஆள் வாராங்கன்னா பிசிறோட ஒரு வார்ப்பை வெக்கலாமுங்களா? ரெண்டு காதுலயும் என்னமோ பொடைச்சுட்டு இருந்துச்சு, வேற யாரையும் நம்பாம ரெண்டு நாளா நானே உக்காந்து தேச்சுப்போட்டேனுங்க."